டோன்யேல் லூனா: "முதல் கறுப்பின சூப்பர்மாடல்" என்று எழுதலாமா?

அட்டைக்காரன்
அமெரிக்கக் கறுப்பின மாடல் டோன்யேல் லூனாவைப் பற்றித் தமிழில் ஒரு முழு வாழ்க்கைக் குறிப்பு தயாராகிறது. இதுவரை சேர்ந்திருப்பது:

பிறப்பு 1945 ஆகஸ்ட் 31, டெட்ராய்ட். இயற்பெயர் பெக்கி ஆன் ஃப்ரீமன். அப்பா ஃபோர்டு தொழிற்சாலை ஊழியர். படித்தது காஸ் டெக்னிக்கல் உயர்நிலைப் பள்ளி. 1963-இல் ஒரு வேலையாக டெட்ராய்ட் வந்த புகைப்படக்காரர் டேவிட் மெக்கேப் தெருவில் பார்த்து, நியூயார்க் வரச் சொன்னார். 1964 கடைசியில் போனார். 1965 ஜனவரி 'ஹார்ப்பர்ஸ் பஜார்' பேஷன் இதழின் அட்டை. 1966 மார்ச் பிரிட்டிஷ் 'வோக்' அட்டை. 1979 மே 17 அன்று ரோமில் மரணம், வயது 33.

மூன்று இடங்களில் இணையத் தகவல்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன. அவர் எதில் 'முதல்'? வோக் அட்டையில் கை ஏன் முகத்தை மறைக்கிறது? இவ்வளவு பெரிய பெயர் இருபது வருடத்தில் எப்படி மறந்துபோனது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய_இதழ்
முதல் கேள்விக்கு மட்டும் இப்போது.

"முதல்" என்று எழுதும்போது நான்கு விஷயத்தைப் பிரித்துச் சொல்ல வேண்டும்: எந்த இதழ், எந்த நாட்டுப் பதிப்பு, அட்டையா உள்பக்கமா, புகைப்படமா ஓவியமா. இந்த நான்கில் ஒன்றை விட்டாலும் வாக்கியம் பொய்யாகிவிடும்.

1965 ஜனவரி பஜார் அட்டையில் இருப்பது ஓவியம். வரைந்தவர் காதரினா டென்சிங்கர். கோட்டுச் சித்திரம் என்பதால் பார்ப்பவருக்கு நிறம் உறுதியாகத் தெரியாது. அதை "அட்டையில் வந்த முதல் கறுப்பினப் பெண்ணின் புகைப்படம்" என்று எழுதியிருக்கும் பக்கங்கள் எல்லாம் தப்பு.

1966 மார்ச் பிரிட்டிஷ் வோக் அட்டை, புகைப்படம். எடுத்தவர் டேவிட் பெய்லி, ஆசிரியர் பீட்ரிக்ஸ் மில்லர். உலகில் வோக்கின் எந்தப் பதிப்பிலும் அட்டையில் வந்த முதல் கறுப்பினப் பெண் லூனாதான். இதில் சந்தேகமே வேண்டாம்.

அமெரிக்க வோக் அட்டைக்கு இன்னும் எட்டு வருடம் ஆனது. 1974 ஆகஸ்ட், பெவர்லி ஜான்சன், படம் ஃபிரான்செஸ்கோ ஸ்காவுல்லோ. பிரெஞ்சு வோக்கில் 1988 ஆகஸ்ட், நவோமி கேம்பல். அதுவும் உடை வடிவமைப்பாளர் இவ் சாங் லோரான் தன் விளம்பரங்களை நிறுத்திவிடுவேன் என்று அழுத்தம் கொடுத்த பிறகு.

இடையில் இரண்டு அட்டைகள் உண்டு, பலர் விட்டுவிடுவார்கள். 1968 ஆகஸ்ட் 'கிளாமர்' இதழில் கட்டிட்டி கிரோண்டே. 1968 நவம்பர் 'லேடீஸ் ஹோம் ஜர்னல்' இதழில் நவோமி சிம்ஸ். பெவர்லி ஜான்சனை "அமெரிக்கப் பெண்கள் இதழ் அட்டையில் முதல் கறுப்பினப் பெண்" என்று எழுதுவது இந்த இரண்டையும் அழிப்பது.

"சூப்பர்மாடல்" என்ற பட்டத்தைத் தலைப்பில் வைக்காதீர்கள். அதற்கு ஒரு வரையறையும் கிடையாது, யார் வேண்டுமானாலும் யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். தேதி போட்ட அட்டை ஒன்று இருக்கும்போது பட்டம் எதற்கு?

விளக்கொளி
பழைய_இதழ் சொன்னதோடு 1965 ஏப்ரல் பஜாரையும் சேர்க்க வேண்டும். லூனாவின் வாழ்க்கை திரும்பிய இதழ் அது.

அந்த இதழுக்குப் புகைப்படக்காரர் ரிச்சர்ட் அவெடன் கௌரவ ஆசிரியர். அட்டையில் பிரிட்டிஷ் மாடல் ஜீன் ஷ்ரிம்ப்டன், உள்ளே லூனா. முன்னதாகவே அவெடன் ஒரு வருடத்துக்குத் தன்னிடம் மட்டுமே வேலை செய்யும்படி லூனாவை ஒப்பந்தம் செய்திருந்தார். இதழ் வந்ததும் அமெரிக்கத் தென்மாநில விளம்பரதாரர்கள் விளம்பரத்தைத் திரும்பப் பெற்றார்கள், சந்தாதாரர்கள் சந்தாவை நிறுத்தினார்கள்.

இது ஏன் இதழை அந்த அளவுக்கு அசைத்தது என்பதையும் குறிப்பில் எழுதுங்கள். பேஷன் இதழுக்குக் கடையில் விற்கும் விலை அச்சுக் கூலிக்கே காணாது. விளம்பரப் பணம்தான் சோறு. அதோடு ஒவ்வொரு பேஷன் படத்தின் கீழும் அந்த உடை எந்த ஊரில் எந்தக் கடையில் கிடைக்கும் என்று சிறிய எழுத்தில் போடுவார்கள். அந்தக் கடைகளேதான் அடுத்த பக்கத்தில் விளம்பரம் கொடுப்பவை. படத்தில் இருக்கும் பெண்ணைக் கடைக்காரர் ஏற்காவிட்டால் உடையும் போகும், விளம்பரமும் போகும். ஒரு ஆசிரியரின் தாராள மனசு இந்தக் கணக்கின் முன் நிற்காது.

ஒரு வருட ஒப்பந்தம் பாதுகாப்பு மாதிரித் தெரிந்தாலும் அதில் ஒரு பொறி இருக்கிறது. ஒரே புகைப்படக்காரரிடம் கட்டுப்பட்ட மாடலுக்கு, அந்த ஒருவரின் இதழ் கதவைச் சாத்தினால் வேறு வாசல் இல்லை. 1965 டிசம்பரில் லூனா லண்டன் போனதற்குக் காரணம் இங்கே தேடுங்கள்.

நூல்கண்டு
அந்த விஷயத்தில் ஒரு திருத்தம் தேவைப்படும் வாக்கியம் எல்லா இடத்திலும் சுற்றுகிறது: "அதற்குப் பிறகு அவெடன் லூனாவைப் படமெடுக்கவே இல்லை." இன வெறுப்பும் பேஷன் தொழிலின் பணக் கணக்கும் சேர்ந்து, பிரசுரத்துக்காக அவரைத் திரும்பப் படமெடுக்கத் தன்னை விடவில்லை என்று அவெடன் பின்னாளில் சொன்னது உண்மை. ஆனால் அவெடனின் புகழ்பெற்ற ஒரு பிரிண்ட் இருக்கிறது: லூனா, உடை வடிவமைப்பாளர் பாக்கோ ரபானின் உடையில், நியூயார்க், 1966 டிசம்பர் 6. தலைப்பிலேயே தேதி இருக்கிறது. ஆகவே "படமெடுக்கவே இல்லை" என்று எழுத வேண்டாம். "பஜாரில் அந்தக் கூட்டணி தொடரவில்லை" என்றால் சரியாக இருக்கும்.

அந்த உடையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். லூனாவின் உடம்பு பேஷனுக்கு என்ன செய்தது என்பது அதில் தெரியும்.

ரபான் 1966 பிப்ரவரி 1 அன்று பாரிஸில் ஜார்ஜ் சேங்க் ஓட்டலில் "இக்காலப் பொருட்களால் ஆன, அணிய முடியாத 12 உடைகள்" என்ற தொகுப்பைக் காட்டினார். மாடல்கள் வெறுங்காலோடு வந்தார்கள், கறுப்பினப் பெண்களும் அவர்களில் உண்டு. அந்த உடைகளில் ஊசி நூல் வேலையே இல்லை. செய்முறை இப்படி:

ரோடாய்டு என்ற அசிட்டேட் பிளாஸ்டிக் தகட்டிலிருந்து சதுரமாகவோ வட்டமாகவோ சில்லுகளை வெட்டுவார்கள். விளிம்புக்குச் சற்று உள்தள்ளி நாலு துளை. பக்கத்துச் சில்லுகளை உலோக வளையத்தால் கோத்து, குறடால் வளையத்தின் வாயை நெருக்கி மூடுவார்கள். அவ்வளவுதான். ஆனால் துளையை விளிம்புக்கு மிக நெருக்கமாகப் போட்டால் சில்லு கிழியும். தள்ளிப் போட்டால் சில்லுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, உடை விறைத்துவிடும். வளையத்தின் வாய் முழுதாக மூடாவிட்டால் தோலைக் கீறும், நடக்கும்போது கழன்றும் போகும்.

தைத்த உடையில் இடுப்பு, மார்பு மடிப்புகளை வெட்டிலேயே கொடுத்துவிடலாம். இதில் கொடுக்க முடியாது. முழு எடையும் தோளிலிருந்து தொங்கும், அணிபவரின் எலும்புதான் உடைக்கு வடிவம். நீண்ட கை கால், குறுகிய இடுப்பு, அகலத் தோள் உள்ளவர் நிற்கும்போது சில்லுகள் இடைவெளியோடு விழுந்து ஒளியைத் தனித்தனியாகத் திருப்பும். அவெடனின் படத்தில் லூனா கையைத் தூக்கி உடம்பை வளைத்து நிற்பதைப் பார்த்தால், உடை எவ்வளவு தூரம் நகரும் என்று காட்டுவதற்காகவே அந்த நிலை எடுக்கப்பட்டது போலிருக்கும்.

பழைய_இதழ்
நூல்கண்டு மேடம், அந்தத் தகடுகள் இப்போது எந்த நிலையில் இருக்கும்? சேகரிப்பாளர்கள் கேட்பதுண்டு.

நூல்கண்டு
அசிட்டேட் நாள்பட நாள்படச் சுருங்கும், வளையும், துளையைச் சுற்றி முடி போல விரிசல் விடும். சிதையத் தொடங்கினால் வினிகர் வாடை வரும். அந்த வாடை வந்த உடையை மற்றவற்றோடு ஒரே பெட்டியில் வைக்கக் கூடாது. வெளியேறும் அமிலம் அடுத்ததையும் பிடிக்கும், உலோக வளையத்தையும் அரிக்கும். ஹேங்கரில் தொங்கவிடவும் கூடாது. எடை முழுக்க மேல்வரிசைத் துளைகளில் இறங்கி அங்கேதான் முதலில் உடையும். அமிலமில்லாத தாள் விரித்து, படுக்கவைத்து, குளிர்ந்த காற்றோட்டமான இடத்தில் வைக்க வேண்டும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறை இதற்கு விஷம்.

குட்டிமேகம்
இரண்டாவது கேள்விக்கு யாரும் வரவில்லையே. வோக் அட்டையில் கை முகத்தை மறைப்பது நிறத்தை ஒளிப்பதற்காகத்தான் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். அது சரியா?

ஒளிமானி
தம்பி, முதலில் படத்தைப் பாருங்கள், பிறகு காரணம்.

நெருக்கமான குளோசப். விரல்களை விரித்து முகத்தின் முன் வைத்திருக்கிறார். இரண்டு விரல்களுக்கு நடுவே உள்ள இடைவெளி ஆங்கில 'வி' எழுத்தைப் போல, அதற்குள் ஒரே ஒரு கண், கனமான மையோடு நேராகப் பார்க்கிறது. மூக்கின் கீழ்ப்பாதியும் வாயும் கைக்குப் பின்னால். காதில் பெரிய தொங்கல்.

இரண்டு விளக்கமும் படத்தோடு ஒத்துப்போகின்றன. ஒன்று வடிவம் பற்றியது. வோக் என்ற பெயரின் முதல் எழுத்தையே விரல்கள் போடுகின்றன, ஒரு கண் மட்டும் தெரியும் முகம் பிக்காசோவின் ஓவியங்களை நினைவூட்டுகிறது. இரண்டாவது, முகத்தின் எந்தப் பகுதிகள் மறைக்கப்பட்டன என்பது. மூக்கும் உதடும்தான் அன்றைய வாசகர் இனத்தை அடையாளம் காணும் இடங்கள். அவை இரண்டுமே மறைந்திருப்பதைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. பஜாரில் நிறம் தெரியாத ஓவியம், வோக்கில் பாதி முகம். இரண்டு அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு முறை தெரிகிறது. குறிப்பில் இரண்டையும் எழுதுங்கள், "ஒளிப்பதற்காகத்தான்" என்ற அந்த "தான்" மட்டும் வேண்டாம்.

இன்னொன்று, இதை யாரும் பேசுவதில்லை. 1966-இல் கறுப்புத் தோலை அச்சில் சரியாகக் கொண்டுவருவதே கடினம். அழகு பற்றிய பேச்சில் அது மறைந்துவிடுகிறது, விவரமாகச் சொல்கிறேன்.

அளவு: ஒளிமானி (ஒளியை அளக்கும் கருவி) எதைப் பார்த்தாலும் அது 18 சதவீதச் சாம்பல் என்றே நினைத்துக்கொள்ளும். வெள்ளைத் தோலைப் பார்த்து அளந்தால் ஒரு ஸ்டாப் (அதாவது இரண்டு மடங்கு ஒளி விழும்படி) திறக்க வேண்டும். அடர்ந்த தோலைப் பார்த்து அளந்தால் ஏறக்குறைய ஒரு ஸ்டாப் குறைக்க வேண்டும். அதாவது இருவருக்கும் நடுவே இரண்டு ஸ்டாப் இடைவெளி. அன்றைய கலர் ஸ்லைடு ஃபிலிம் தாங்கும் மொத்த ஒளி வேறுபாடே ஐந்து ஸ்டாப் அளவுதான். எக்ஸ்போஷர் அரை ஸ்டாப் தவறினாலே தெரியும். வெள்ளை மாடலுக்கு வைத்த அமைப்பிலேயே கறுப்பு மாடலை நிறுத்தினால் முகத்தில் கண்ணும் பல்லும் மட்டுமே மிஞ்சும்.

சரியான வழி: மானியின் வெள்ளைக் குமிழை மாடலின் தாடையருகே பிடித்து, கேமரா பக்கம் திருப்பி, விழும் ஒளியை அளப்பது. தோலின் நிறம் அதை ஏமாற்றாது. இருவர் சேர்ந்து நின்றால் முக்கிய விளக்கைக் கறுப்பு மாடலின் பக்கம் திருப்பி, அவர் மேல் அரை முதல் ஒரு ஸ்டாப் கூடுதலாக விழும்படி செய்ய வேண்டும்.

பின்னணி: அவெடன் பாணி வெள்ளைத் தாள் பின்னணி லூனாவுக்குப் பொருந்தியது ஏனென்றால் அவருடைய வெளிக்கோடு அத்தனை கூர்மை. ஆனால் பின்னணியை முகத்தைவிட ஒரு ஸ்டாப், மிஞ்சிப் போனால் ஒன்றரை ஸ்டாப் கூட்டினால் போதும். அதற்கு மேல் போனால் வெள்ளை ஒளி லென்ஸுக்குள் சிதறி, கறுப்புத் தோல் சாம்பல் பூத்துப்போகும். தாளிலிருந்து இரண்டு மீட்டராவது தள்ளி நிறுத்தி, இரண்டு பக்கமும் கறுப்புப் பலகை வைத்தால் கன்னத்தின் விளிம்பு திரும்பக் கிடைக்கும்.

தோல்: அடர்ந்த தோலின் வடிவத்தை நிழலைவிடப் பளபளப்பே அதிகம் காட்டும். பவுடர் போட்டு மங்கலாக்கினால் முகம் தட்டையாகிவிடும். பெரிய, மென்மையான விளக்கைப் பக்கவாட்டில் வைத்து, கன்ன எலும்பிலும் மூக்குத் தண்டிலும் நீளமான மினுக்கம் விழச் செய்ய வேண்டும்.

அச்சு: இத்தனையும் சரியாகச் செய்தாலும் அச்சில் போய்விடலாம். புள்ளி புள்ளியாக அச்சிடும்போது மை தாளில் ஊறிப் புள்ளி பெரிதாகும். நல்ல வழவழ தாளில் நடுத்தொனி (வெளுப்புக்கும் கறுப்புக்கும் இடைப்பட்ட சாம்பல்) ஐந்தில் ஒரு பங்கு அளவு தடித்துவிடும், செய்தித்தாளில் அதைவிட அதிகம். அந்த நடுத்தொனிக்குக் கீழேதான் கறுப்பு முகத்தின் எல்லா நுணுக்கமும் இருக்கிறது. பிரிண்டை ஒரு படி வெளிச்சமாகப் போட்டு அனுப்பினால் அச்சில் சரியாக வரும்.

விளக்கு அமைப்பாளர், ஃபிலிம் கழுவும் லேப், அச்சுத் தட்டு செய்பவர் மூவருக்கும் பழக்கமில்லாத வேலை என்பதால் "கறுப்பு மாடல் அச்சில் எடுபடாது" என்று ஆசிரியர்கள் சொல்வது எளிதாக இருந்தது. கோடாக்கின் லேப் அட்டைகளில் பல வருடம் வெள்ளைப் பெண் ஒருத்தியின் படம் மட்டுமே நிறத்துக்கு அளவுகோல். பல நிறத் தோல்கள் கொண்ட அட்டை வந்தது 1990களில்தான்.

விளக்கொளி
ஒளிமானி சொன்னதில் ஒன்றைச் சேர்க்கிறேன். ஒரே மாடலை பெய்லி, அவெடன், வில்லியம் கிளாக்ஸ்டன், சார்லட் மார்ச் நால்வரும் எடுத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் தோலின் தொனி வேறு வேறாக இருக்கிறது. கிளாக்ஸ்டன் 1966-இல் ஸ்பெயினில் ஓவியர் சல்வடோர் டாலியோடு எடுத்த வரிசையில் வெயில்தான் விளக்கு. லூனா போட்டிருந்த வெள்ளை உடைமேல் டாலி நேரடியாகப் படம் வரைகிறார். வெள்ளை உடை, கறுப்புத் தோல், கடலோர வெயில் மூன்றும் ஒரே ஃபிரேமில். எடுப்பவருக்கு இதைவிடக் கடினமான சோதனை கிடையாது. உடைக்கு எக்ஸ்போஷர் வைத்து முகத்தைத் தொலைத்திருக்கலாம். தொலைக்கவில்லை.

பருத்திக்காடு
எனக்கு இந்த இழையில் ஒரு வருத்தம். லூனாவை ஆரம்பப் புள்ளியாக வைக்கிறீர்கள். 1949-லேயே பாரிஸில் கிறிஸ்தியான் தியோரின் தையல் வீட்டில் (உடை வடிவமைப்பு நிறுவனம்) உடை காட்டியவர் டொரத்தியா டவுல்ஸ். டெக்சஸ் மாநிலம் டெக்சார்கானாவில் 1922-இல் பிறந்தவர், வைலி கல்லூரியில் உயிரியல் படித்தவர். பியானோ கலைஞரான அக்கா லோயிஸோடு ஐரோப்பா போனார். விடுமுறையில் போன மாடல் ஒருவருக்குப் பதிலாக தியோரில் வேலை கிடைத்தது. பிறகு ஸ்கியாபரெல்லி, பால்மென் நிறுவனங்கள். ஐந்து வருடம் அங்கேயே இருந்துவிட்டார்.

அட்டைப்படக் கணக்கில் அவர் பெயர் வராது. காரணம் அந்த வேலையின் தன்மை. அன்றைய பாரிஸ் தையல் வீடுகளில் மாடல் என்றால் கேமராவுக்கு நிற்பவர் அல்ல. அந்த நிறுவனத்திலேயே மாதச் சம்பளத்துக்கு இருந்து, தையல்காரர் அவருடைய உடம்பின்மேல் துணியை வெட்டிக் குத்தி உடையை உருவாக்கும்வரை மணிக்கணக்கில் அசையாமல் நிற்பவர். பிறகு அந்த உடையை வாடிக்கையாளர் முன் நடந்து காட்டுவார். உடை அவருடைய அளவில் பிறக்கிறது, ஆனால் இதழில் வேறொருத்தி போட்டுக்கொண்டு நிற்பாள்.

அமெரிக்கா திரும்பிய பிறகு அவர் செய்ததுதான் பெரிது. பாரிஸில் வாங்கிய தன் உடைகளை எடுத்துக்கொண்டு கறுப்பினக் கல்லூரிகள் தோறும் போய், ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா மாணவியர் சங்கத்துக்கு நிதி திரட்டும் பேஷன் ஷோ நடத்தினார். கறுப்பினத்தவருக்கான 'எபனி' இதழின் ஊர் ஊரான பேஷன் ஃபேர் 1958-இல் தொடங்குவதற்கு முன்பே அந்தப் பாதை போட்டவர்.

அட்டைக்காரன்
பருத்திக்காடு, டவுல்ஸுக்குத் தனிக் குறிப்பே வேண்டும், அதையும் எடுத்துக்கொள்கிறேன். லூனாவின் பூர்வீகம் பற்றியும் ஒரு குழப்பம் இருக்கிறது. ஒரு பேட்டியில் ஒன்று, இன்னொன்றில் வேறு.

பழைய_இதழ்
அவரே பல மாதிரி சொன்னார் என்பதுதான் செய்தி. மெக்சிகோ, அயர்லாந்து, இந்தோனேசியா என்று பேச்சில் வந்து போகும். பெற்றோர் இருவரும் டெட்ராய்ட்டின் கறுப்பினக் குடும்பத்தினர். குறிப்பில் பிறப்பு விவரத்தை ஒரு வரியில் தெளிவாகப் போட்டுவிட்டு, அடுத்த வரியில் "பேட்டிகளில் வெவ்வேறு பூர்வீகம் சொன்னார்" என்று எழுதுங்கள். இரண்டையும் கலந்து "கலப்பின மாடல்" என்று எழுதுவது பிழை.

கறுப்பின எழுத்தாளர்கள் சிலர் இதற்காக அவர்மேல் கோபப்பட்டார்கள். கறுப்பினத்தவரின் சிவில் உரிமைப் போராட்டம் உச்சத்தில் இருந்த வருடங்கள் அவை. தன் நிறத்தைப் பெருமையாகச் சொல்ல வேண்டிய இடத்தில் அவர் நழுவினார் என்ற கோபம் நியாயம். அதே சமயம், நிறத்தைச் சொன்னால் பக்கம் போகும் என்று 1965 ஏப்ரலில் கண்ணால் பார்த்த இருபது வயதுகூட நிரம்பாத பெண் அவர். இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டும்.

அப்பா 1965 ஜனவரியில் இறந்தார். அம்மா தற்காப்புக்காகச் சுட்டதில் நேர்ந்த மரணம் அது. பஜார் அட்டை வந்த அதே மாதம். இதை ஒரே வாக்கியத்தில், மாதம் வருடத்தோடு எழுதி நகர்ந்துவிடுங்கள். பல பக்கங்கள் இதையே கதையாக்கி, பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் இதுவே காரணம் என்று முடித்துவிடுகின்றன.

ரீல்_நம்பர்_ஒன்பது
சினிமாப் பட்டியல் வேண்டுமா? மறதிக்குக் காரணமும் இதில் கொஞ்சம் இருக்கிறது.

ஓவியர் ஆண்டி வார்ஹோலின் 'ஸ்கிரீன் டெஸ்ட்' முகப் படச்சுருள்கள், 'கேம்ப்' (1965). வில்லியம் க்ளைனின் 'பாலி மக்கூ' (1966). ஓட்டோ ப்ரெமிங்கரின் 'ஸ்கிடூ' (1968). ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் 'ராக் அண்ட் ரோல் சர்க்கஸ்' நிகழ்ச்சி 1968 டிசம்பரில் படமாக்கப்பட்டது, ஆனால் 1996 வரை வெளிவரவே இல்லை. 'ஃபெலினி சாட்டிரிகான்' (1969), அதில் ஈனோதியா என்ற மந்திரக்காரி வேடம். கார்மெலோ பெனேயின் 'சலோமே' (1972).

வார்ஹோல் டெஸ்டைப் பார்ப்பவர்கள் ஒரு விஷயம் தெரிந்து பார்க்க வேண்டும். நூறு அடி 16 மில்லிமீட்டர் சுருள், ஒலி இல்லை. எடுத்தது நொடிக்கு 24 ஃபிரேம், அப்படி ஓடினால் 2 நிமிடம் 46 நொடி. வார்ஹோல் காட்டச் சொன்னது மௌனப்பட வேகத்தில். 16 ஃபிரேமில் ஓடினால் 4 நிமிடம் 10 நொடி. இணையத்தில் சிலர் 24-இல் ஓடவிட்ட பிரதியை ஏற்றியிருக்கிறார்கள், அதில் லூனா பரபரப்பாகத் தெரிவார். சரியான வேகத்தில் ஒவ்வொரு தலைத்திருப்பமும் மிதக்கும். மற்றவர்கள் கேமராவை வெறித்துப் பார்த்துக்கொண்டே உறைந்திருக்க, இவர் விடாமல் முகத்தையும் கையையும் மாற்றிக்கொண்டே இருப்பார். புகைப்படக்காரர் சொல்லாமலே அடுத்த நிலைக்குப் போகத் தெரிந்தவர் என்பது இந்தச் சில நிமிடத்தில் புரிந்துவிடும்.

அந்தப் பட்டியலில் பெரிய திரையரங்கில் ஓடி, திரும்பத் திரும்பப் பார்க்கக் கிடைத்தது ஃபெலினியின் படம் ஒன்றுதான். மற்றவை பெட்டிக்குள் இருந்தவை, சிறிய வட்டத்துக்குள் ஓடியவை, அல்லது 'ஸ்கிடூ' போலத் தோற்றுப்போனவை.

பருத்திக்காடு
மறதிக்கு அதைவிடப் பெரிய காரணம் தொழில் அமைப்பு. நவோமி சிம்ஸோடு ஒப்பிட்டால் புரியும்.

சிம்ஸ் மிசிசிப்பி மாநிலம் ஆக்ஸ்ஃபோர்டில் 1948-இல் பிறந்தவர். நியூயார்க்கில் மாடல் ஏஜென்சிகள் எல்லாம் கதவைச் சாத்தின. அவர் ஏஜென்சியைத் தாண்டி நேராகப் புகைப்படக்காரர் கோஸ்டா பீட்டர்சனிடம் போனார். 1967 ஆகஸ்ட் 'நியூயார்க் டைம்ஸ்' பேஷன் இணைப்பின் அட்டை கிடைத்தது. அப்போதும் ஏஜென்சி எடுக்கவில்லை. முன்னாள் மாடல் வில்லெல்மினா கூப்பர் அப்போது சொந்த ஏஜென்சி தொடங்கிக்கொண்டிருந்தார். அவரிடம் சிம்ஸ் வைத்த ஏற்பாடு இது: அந்த அட்டையின் பிரதிகளை விளம்பர நிறுவனங்களுக்கு நானே அனுப்புகிறேன், தொடர்புக்கு உங்கள் தொலைபேசி எண், யாராவது கூப்பிட்டால் கமிஷன் உங்களுக்கு. ஒரு வருடத்துக்குள் வாரம் ஆயிரம் டாலர் சம்பாதித்தார்.

1973-இல் மாடலிங்கை விட்டுவிட்டு விக் தொழிலுக்குப் போனார். சந்தையில் இருந்த விக் எல்லாம் வெள்ளைக்காரர் முடியைப் போல வழுவழுப்பு. நேராக்கிய கறுப்பினத்தவர் முடியின் தன்மை வர, செயற்கை இழையை வீட்டு அடுப்பில் மிதமான சூட்டில் வைத்து வைத்துப் பார்த்துப் பதம் கண்டார். பெயர் பெட்டிமேல் அச்சானது, கடை அலமாரியில் நின்றது.

லூனாவிடம் அப்படி எதுவும் இல்லை. நிலையான ஏஜென்சி இல்லை, பொருள் இல்லை, ஒரே ஊரில் தொடர்ந்து இருக்கவும் இல்லை. நியூயார்க், லண்டன், பாரிஸ், ரோம் என்று மாறிக்கொண்டே இருந்தார். விருந்துகளிலும் ராக் இசைக்காரர் வட்டத்திலும் அவர் பெயர் மின்னியது, ஆனால் அந்த மின்னலைக் காசாக்கித் தரும் ஆள் பக்கத்தில் இல்லை. அமெரிக்கக் கறுப்பின மாடல்களின் வரலாறு எழுதப்பட்டபோது அவர் ஐரோப்பாவில் இருந்தார். பிரெஞ்சு, அமெரிக்க வடிவமைப்பாளர்கள் மோதிய 1973 நவம்பர் 28 வெர்சாய் அரண்மனை பேஷன் ஷோவில் பாட் கிளீவ்லேண்ட், பெத்தான் ஹார்டிசன், பில்லி பிளேர் எல்லாரும் அமெரிக்க அணிக்காக ரேம்பில் நடந்து வரலாற்றில் இடம்பிடித்தார்கள். அந்தப் பட்டியலில் லூனா இல்லை. பின்னால் வந்தவர்கள் வரலாற்றை அந்த இரவிலிருந்தே எண்ணத் தொடங்கினார்கள்.

குட்டிமேகம்
மரணத்தை எப்படி எழுதுவது? பல இடங்களில் அதில்தான் கட்டுரையே ஆரம்பிக்கிறது.

ஒளிமானி
அதில் ஆரம்பிக்க வேண்டாம். 1979 மே 17, ரோம், ஹெராயின் அளவு மீறியதால் நேர்ந்த மரணம். கணவர் இத்தாலியப் புகைப்படக்காரர் லூயிஜி கசனீகா, 1977-இல் பிறந்த மகள் ட்ரீம். இவ்வளவு போதும். போதைப் பழக்கத்தை "அவருடைய இயல்பு" போல எழுதுபவர்கள், அதே லண்டன் வட்டத்தில் அதே பழக்கத்தோடு இருந்த ஆண் பாடகர்களை மேதை என்கிறார்கள். அந்த அளவுகோலைக் குறிப்புக்குள் விடாதீர்கள்.

நூல்கண்டு
விட்டுப்போன ஒன்று: கடை பொம்மை. லண்டனின் ஆடெல் ரூட்ஸ்டைன் நிறுவனம் லூனாவின் உருவில் ஜவுளிக்கடை பொம்மை செய்தது. அன்றைய பிரபல பிரிட்டிஷ் மாடல் ட்விக்கிக்கு நிகராக அவரையும் வைத்தார்கள். மாடல் நேரில் நிற்க, சிற்பி களிமண்ணில் உருவம் பிடிப்பார். அதிலிருந்து பிளாஸ்டர் அச்சு. அச்சுக்குள் ஃபைபர்கிளாஸும் பிசினும் அடுக்கு அடுக்காக. பிறகு தேய்த்து, வண்ணம், கண் இமை, விக்.

உடை மாட்டுவதற்காகக் கையையும் இடுப்பையும் வெட்டிப் பிரித்தே செய்வார்கள். நிற்கும் நிலை கோணலாக இருந்தால் அந்த இணைப்பு வெளியே தெரியும், சட்டையும் ஏறாது. அதனால் பொம்மைகள் பொதுவாக விறைப்பாக நிற்கும். வளைந்து கோணும் உடம்புக்குப் பேர்போன ஒருவரை அதற்குள் கொண்டுவந்தது சாதாரண வேலையில்லை. அதற்கு முன்பு கறுப்பு பொம்மை என்றால் பெரும்பாலும் வெள்ளைப் பெண்ணின் அச்சிலேயே பழுப்பு வண்ணம் அடித்தது. இவருடையது இவருடைய முகம்.

அட்டைக்காரன்
எல்லாருக்கும் நன்றி. முதல் பத்தி இப்படிப் போகிறது:

"டோன்யேல் லூனா (1945–1979), டெட்ராய்ட்டில் பிறந்த அமெரிக்க மாடல், நடிகை. 1966 மார்ச் பிரிட்டிஷ் வோக் இதழின் அட்டையில் வந்ததன் மூலம், வோக்கின் எந்தப் பதிப்பிலும் அட்டையில் இடம்பெற்ற முதல் கறுப்பினப் பெண் ஆனார். அதற்கு முந்தைய ஆண்டு ஜனவரியில் ஹார்ப்பர்ஸ் பஜார் அட்டையில் அவருடைய ஓவியம் வந்தது."

பழைய_இதழ்
நன்று. "நடிகை" என்பதற்கு முன் ஒரு காற்புள்ளி இருக்கட்டும், ஃபெலினி படத்தை அடுத்த வரியிலேயே கொண்டுவாருங்கள். பஜார் வாக்கியத்தில் ஓவியரின் பெயரைச் சேருங்கள். அந்த அட்டை முழுக்கப் பேசப்படும்போதும் காதரினா டென்சிங்கரின் பெயர் பல இடங்களில் வருவதில்லை.